அறுவை மனையில் உழைச்செல்வார்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த திருவள்ளுவனார், பிணியுற்றவன், பிணி தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனோடு அமையாது, நோயாளியின் பக்கலில் நின்று அம்மருந்தினை இயற்றுவானையும் ஒரு கூறாக எண்ணி, அவனுக்கு உழைச்செல்வான் எனப் பெயரும் தந்தார். உழை என்பது பக்கம். பக்கத்தே ஒழுகுபவன் என்பது அதன் பொருள். அவ்வதிகாரத்தை ஓதுவோர் பெரும்பாலும் மருத்துவனுடைய பெருமையிலேயே கருத்தூன்றி, இறுதியிலே நின்ற இந்நான்காமவனை விரைந்து கடந்து போவது வழக்கம். நூலாசிரியரோ நால்வகையுள் ஒன்று குறையினும் மருத்துவம் முற்றுப்பெறாது என்னும் கருத்தினராகவே காணப்படுகின்றார்.

உரை வகுத்த பரிமேலழகர் அந்நான்கு கூறுகளையும் தனித்தனி நந்நான்காக விரித்துக் காட்டினார். உழைச்செல்வானுக்கு அவர் வேண்டுவன, நோயாளியினிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, ஏவியதனை ஏவியவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு என்பன. ஒருங்கு வைத்து எண்ணப்பட்டமையின் இவை நான்கும் ஒன்றற்கொன்று இணங்கி நிற்பனவே எனக் கற்போர் கொள்வர். மூன்றாவதும் நான்காவதும் ஒரே கணத்தில் ஒன்றையொன்று எதிர்த்து நின்றால் எதனைக் கைக்கொள்வது என்னும் வினா, ஏட்டை ஓதுங்கால் எழுவதில்லை. அவ்வினா நாடோறும் எழுந்து விடை வேண்டி நிற்கும் இடமொன்று உண்டு. அஃது இக்காலத்து அறுவை மனை.

அறுவை மனையினுள் புகுந்தறியாதார், அங்கே மருத்துவர் ஒருவர் அறுக்கின்றார், செவிலி ஒருவர் அவர் கேட்ட கருவியை எடுத்து நீட்டுகின்றார் என்ற அளவிலே எண்ணியிருப்பர். செவிலியர் பணி ஆண்டுப் பல பகுதியாகப் பிரிந்துள்ளது. கருவிகள் பரப்பிய மேசையைக் காத்து, கேட்டதனைக் கேட்ட நொடியில் மருத்துவர் கையிற் சேர்ப்பார் ஒருவர். தூய்மை செய்யப்பெற்ற எல்லைக்குப் புறத்தே உலாவி, வேண்டுவன கொணர்ந்தும், எழுதற்குரியனவற்றை எழுதியும் நிற்பார் மற்றொருவர். இவ்விருவரின் வேறாய், மேசைக்கு எதிர்ப்புறத்தே, மருத்துவர் கை வைத்த அதே புண்வாயினுள் தம் இரு கைகளையும் வைத்து நிற்பவர் முதற்றுணைவர் எனப்படுவர். புண்வாயை விரித்துப் பிடித்தல், ஊறும் குருதியை உறிஞ்சி இடத்தைத் தெளிவாக்குதல், அறுபட்ட குருதிக்குழாயை இடுக்கிக் கட்டுதல், ஊசியும் நூலும் கொண்டு தைத்தல் ஆகியன இவர் தொழில். அறுவையின் தலைமை மட்டும் இவருக்கில்லை.

இவ்விடம் முன்னாளில் மற்றொரு மருத்துவருக்கோ, மருத்துவம் பயிலும் மாணாக்கருக்கோ உரியதாயிருந்தது. போர்க்காலங்களிலும் மருத்துவர் அரியராகிய சிற்றூர்களிலும் செவிலியர் அவ்விடத்தே நின்று உதவியது உண்டு. அது நேர்ந்தபடி நேர்ந்த உதவியேயன்றி வரையறுக்கப்பட்ட பதவியன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில், 1949இல் தோன்றிய அறுவை மனைச் செவிலியர் சங்கம், 1984இல் இதனைச் செவிலியர்க்குரிய ஒரு தனித்தொழிலாக வகுத்து அறிக்கை வெளியிட்டது. அன்று முதல் முதற்றுணைச் செவிலி என்னும் ஒரு வகுப்பார் அந்நாட்டில் நிலைபெற்றனர். செவிலியாகப் பதிவு பெற்று, அறுவை மனையிற் பன்னாள் பழகி, அதன்மேல் இதற்கென அமைந்த பாடத்தையும் கைப்பயிற்சியையும் முடித்தோரே இவ்விடத்து நிற்றற்குரியர். மேற்சான்று பெற விழைவார் இத்தொழிலில் 2000 மணி நேரம் நின்ற பின்னரே தேர்வுக்குச் செல்லலாம். முதற்றுணைவராக நிற்பவர் அதே அறுவையில் கருவி நீட்டுவாராகவும் நிற்றலாகாது என்பது அவர்தம் விதிகளுள் ஒன்று. பொருட்செலவைக் குறைக்கக் கருதும் மருத்துவமனைகள் இவ்விதியை வருத்தத்துடனே ஏற்கும். இரண்டு கைகளுக்கு இரண்டு வேலைதான் உண்டு, நான்கு இல்லை.

இலக்கணம் கற்றார்க்கு இப்பதவியை விளக்க ஓர் எளிய வழி உண்டு. மரம் என்னும் பெயர் ஐயுருபை ஏற்குங்கால் அத்து என்னும் சாரியை இடையே வந்து மரத்தை என முடிக்கின்றது. அச்சாரியைக்குத் தனியே பொருள் இல்லை என்பர். ஆயினும் அஃதின்றிப் பெயர் உருபோடு பொருந்தாது. முதற்றுணைவர் சாரியை போல்வர். மருத்துவரின் கருத்து நோயாளியின் உடம்போடு பொருந்துமாறு இடைநின்று முடிப்பார். அறுவை முடிந்தபின் சொல்லிற் பொருள் தேடுவார் அத்துவைத் தேடாதவாறு போல, அவரையும் எவரும் தேடார். இவ்வுவமை ஓரிடத்தில் வழுவும். சாரியை வாய் திறந்து, ‘இவ்வுருபு இங்கே ஏலாது’ என்று சொல்லாது. முதற்றுணைவர் சொல்லவேண்டிய நேரம் வரும்.

அந்நேரத்தைக் கூறுமுன், அவர் கைக்கு அணியாகிய உறையைப்பற்றி ஒரு செய்தி கூறுதல் பொருந்தும். இன்று அறுவை மனையில் நிற்போர் அனைவரும் இரப்பர் கையுறை அணிந்தே நிற்கின்றனர். நோயாளியைக் காப்பதற்கென்றே அது கண்டுபிடிக்கப்பட்டது என்று பலரும் நினைப்பர். பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டபொழுது, வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவரின் மனையில் தலைமைச் செவிலியாக நின்றவர் கரோலைன் ஹாம்ப்டன் என்னும் அம்மையார். நச்சுக் கிருமிகளை அழித்தற்கு அந்நாளில் கைகளை இரசக்கலப்புள்ள நீரில் தோய்த்தல் வழக்கம். அந்நீர் அவ்வம்மையாரின் கைத்தோலை அரித்துப் புண்ணாக்கிற்று. கைத்திறம் மிக்க செவிலியை இழக்க மனமில்லாத ஹால்ஸ்டெட், குட்இயர் என்னும் இரப்பர்த் தொழிற்சாலையாருக்கு எழுதி, மெல்லிய கையுறை இரண்டு இணை செய்வித்தார். 1890இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அம்மையார் செவிலித்தொழிலை விட்டார். உறை மட்டும் மனையில் நின்றுவிட்டது. அவ்வுறை புண் சீழ்ப்பிடித்தலைக் குறைக்கின்றது என்பது சில ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. ஒரு செவிலியின் கையைக் காக்கத் தோன்றியது உலகத்து நோயாளர் அனைவரையும் காப்பதாயிற்று.

இனி, அந்நாட்டு மருத்துவமனை ஒன்றில் இதய அறுவைப் பகுதியில் நெடுங்காலம் முதற்றுணையாக நின்ற ஓர் அம்மையாரின் ஒருநாட் செய்தியைக் காண்போம். அவர் பெயர் இங்கு வேண்டப்படுவதன்று. ஐம்பதாண்டினைக் கடந்தவர். இளமையிற் கருவி நீட்டும் செவிலியாகப் பத்தாண்டு நின்று, மருத்துவர் கை அடுத்து எங்கே செல்லும் என்பதனை அவர் தோளசைவிலேயே அறியும் பழக்கம் பெற்றவர். குறைத்துப் பேசும் இயல்பினர்.

அன்று காலை, கதிரவன் எழுமுன்னரே, அவர் நோயாளி காத்திருந்த அறைக்குச் சென்றார். நோயாளி அஞ்சற்காரராயிருந்து ஓய்வுபெற்ற முதியவர். முப்பதாண்டுக்கு மேலாக வீடுவீடாக நடந்து கடிதம் கொடுத்தவர். இதயத்துக்கு உணவூட்டும் தமனிகள் மூன்று அடைபட்டிருந்தன. அடைப்புக்கு அப்பால் குருதி செல்லப் புதுவழி அமைத்தலே அன்றைய அறுவை. காலினின்று ஒரு சிரையை எடுத்து இதயத்தில் வைத்துத் தைக்கும் இம்முறையை 1967இல் கிளீவ்லாந்து நகரத்து மருத்துவமனையில் ரெனே ஃபவலோரோ என்னும் அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் தொடங்கி வைத்தார். இக்காலத்தில் முதன்மையான தமனிக்கு மார்பின் உட்சுவரில் ஓடும் தமனியையே திருப்பி இணைப்பர்; ஏனையவற்றுக்குக் காற்சிரை உதவும். மருத்துவர் மார்பைத் திறந்து உள்ளிருக்கும் தமனியைப் பிரித்தெடுக்கும் அதே வேளையில், காலில் நின்று சிரையை எடுப்பது பல மனைகளில் முதற்றுணைவர் வேலை. ஆதலின் அம்மையார் முதியவரின் கால்களை மெல்லத் தடவிப் பார்த்தார். பழந்தழும்பு உண்டா, நரம்பு சுருண்டுள்ளதா என்று ஆராய்ந்தார். இடக்காலிற் சிரை நன்றாயிருப்பதாகப் படக்கருவி காட்டிற்று. “இடக்காலில் எடுப்பேன். தேவைப்பட்டால் மற்றதையும் தொடுவேன். இரண்டையும் கழுவி வைப்பார்கள், அதனால் அஞ்ச வேண்டா,” என்றார். முதியவர், “இரண்டும் நன்றாக நடந்த கால்கள், அம்மா,” என்று மட்டும் சொன்னார்.

மேசைமேற் கிடத்தி, மயக்கமருந்து கொடுத்து, மோவாய் முதல் கால்விரல் ஈறாக உடம்பைத் தூய்மை செய்து, அறுக்கும் இடம் ஒழிய ஏனைய இடமெல்லாம் துணி போர்த்தார்கள். கத்தி படுமுன் அனைவரும் கை ஓய்ந்து நின்றனர். நோயாளி பெயர், செய்யும் அறுவை, இடம் ஆகியன உரக்கப் படிக்கப்பட்டன. ஒவ்வொருவரும் தத்தம் பெயரும் தொழிலும் சொன்னார்கள். நாடோறும் ஒருங்கு நிற்பவர் தம் பெயரைத் தமக்குள்ளே சொல்லிக்கொள்ளுதல் நகைப்புக்கிடமாகப் புறத்தாருக்குத் தோன்றலாம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைக்குரிய சரிபார்ப்புப் பட்டியில் இதுவும் ஒன்று. எட்டு நகரங்களில் உள்ள எட்டு மருத்துவமனைகளில் அப்பட்டியைக் கைக்கொள்ளும் முன்னும் பின்னும் நடந்த அறுவைகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வில், இறந்தோர் நூற்றுக்கு 1.5 என்றிருந்தது 0.8 ஆகக் குறைந்தமை காணப்பட்டது. அந்நகரங்களுள் புதுதில்லியும் ஒன்று. குறைந்தமைக்குக் காரணம் பல கூறுவர். அவற்றுள் ஒன்று மனித இயல்பைத் தொட்டது. தொடக்கத்தில் ஒருமுறை வாய் திறந்தவன், இடையிலே தவறு கண்டால் மறுபடியும் வாய் திறப்பது எளிது. தொடக்க முதல் வாளா நின்றவனுக்கு நா எழாது.

மருத்துவர் மார்பெலும்பைப் பிளந்தார். அம்மையார் முழங்காலின் உட்புறத்தே விரல் நுழையும் அளவு ஒரு வாய் திறந்தார். முன்னாளில் கணுக்கால் முதல் தொடைச்சந்து வரை காலை நெடுகக் கீறிச் சிரையை எடுப்பது வழக்கம். மார்புப்புண் ஆறிய பின்னும் அக்கால்நோவு ஆறாது வருந்தினோர் பலர். இப்பொழுது சிறுவாய் வழியே ஒளியும் கண்ணாடியும் பொருந்திய குழலை உட்செலுத்தி, கரியமில வாயுவால் தோலின் கீழே ஒரு சுரங்கம் போல் இடம் விரித்து, திரையிற் பார்த்தே சிரையைச் சூழ்ந்துள்ள தசையினின்று பிரிப்பர். சிரையினின்று பக்கந்தோறும் சிறுகிளைகள் பிரிந்து செல்லும். ஒவ்வொன்றையும் மின்வெம்மையால் சுட்டு அறுக்கவேண்டும். தாய்ச்சிரைக்கு நெருங்கிச் சுட்டால் அதன் சுவர் வெந்துபோம். விலகிச் சுட்டால் சுற்றுத்தசை கருகும். உள்ளே குருதி ஊறினால் திரை சிவந்து ஒன்றும் தோன்றாது. சிரையோ இழுத்தலையும் பொறாது, முறுக்குதலையும் பொறாது. உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் உண்டு, அது கன்றினால் வைத்த சிரை சில திங்களிலேயே அடைபடலாம். பூத்தொடுப்பார் காம்பை மட்டும் பற்றுவது போலப் பற்றுதல் வேண்டும்.

அம்மையார் இவ்வாறு எடுத்த சிரைகள் பல நூறு. அன்று தொடையின் நடுவே ஒரு கிளை, எதிர்பாராத கோணத்தில், தாய்ச்சிரையோடு ஒட்டியே எழுந்து நின்றது. அவர் கோல் ஒரு நெல்லளவு நெருங்கிற்று. கிளை வேரோடு பெயர்ந்து, தாய்ச்சிரையில் ஒரு துளை விழுந்தது. திரையில் அதனைக் கண்டவர் அவர் ஒருவரே.

சிரையை வெளியே எடுத்து, தனிமேசையில் நீட்டி, கிளைகளைக் கட்டி, உப்புநீர் உட்செலுத்திப் பார்த்தார். கிழிசலுக்கு மேற்பகுதி செவ்வையாயிருந்தது. ஒரு புதுவழிக்கு அது போதும். கீழ்ப்பகுதி மெலிந்து உதவாததாயிற்று. இரண்டாவது வழிக்குக் கிழிசல் உள்ள நடுப்பகுதியையே கொள்ளவேண்டும். அல்லது வலக்காலைத் திறக்கவேண்டும். வலக்காலைத் திறந்தால் அரைமணிக்கு மேலாகும். மருத்துவருக்கோ அன்று அடுத்தும் ஓர் அறுவை காத்திருந்தது. மார்பிலிருந்த தமனியைப் பிரித்து முடித்துவிட்டு அவர் நிமிர்ந்து, “சிரை ஆயிற்றா?” என்றார்.

“ஒரு பகுதி நன்றாயுள்ளது. மற்றதில் ஒரு கிளை வேரோடு கிழிந்தது. என் கை நெருங்கிச் சுட்டுவிட்டது,” என்றார் அம்மையார்.

மருத்துவர் சிறிது பொழுது பேசவில்லை. பின், “தைத்துவிடுங்கள். அதையே வைப்போம்,” என்றார்.

ஏவல் தெளிவானது. ஏவியவர் தலைவர். ஏவியதைச் செய்யத் தக்க திறமும் அம்மையாருக்கு உண்டு. அவர் மறுமொழி கூறாது, கண்ணுக்குப் புலனாகாத நூலை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து, இரண்டு தையலிட்டுத் துளையை அடைத்தார். மறுபடியும் உப்புநீரை மெல்ல உட்செலுத்தினார். ஒழுக்கு நின்றது. ஆனால் தைத்த இடத்தில் சிரை உடுக்கையின் இடைபோல் ஒடுங்கி நின்றது. மற்றையோர் கண்ணுக்கு அது தையல் நன்றாய் நின்றதாகவே தோன்றும். அப்படியே கொடுத்திருந்தால் குற்றம் சொல்வார் எவருமில்லை. ஏவியது ஏவியவாறே முடிந்தது. உரையாசிரியர் வேண்டிய மூன்றாவது பண்பு அங்கே குறைவின்றி நிறைந்தது. நான்காவது நிறையவில்லை.

அவர் சிரையை ஒரு கிண்ணத்தில் ஏந்தி மருத்துவர் அருகே கொணர்ந்து, நீர் நிறைத்துக் காட்டி, “தைத்தேன். ஒழுக்கு நின்றது. இடை ஒடுங்கிற்று. இதனை வைப்பது தகாது என்பது என் கருத்து. முடிவு தங்களுடையது,” என்றார். சொல்லுங்கால் குரல் நடுங்கவில்லை என்று உடன் நின்றோர் கூறுவர். கிண்ணம் பற்றிய கை நடுங்கிற்று என்று அவரே பிற்பட ஒருநாள் தம் மாணாக்கியரிடம் ஒப்புக்கொண்டார்.

மருத்துவர் குனிந்து பார்த்தார். சுவரிலிருந்த கடிகாரத்தையும் பார்த்தார். “வலக்காலில் எடுங்கள்,” என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. அச்சொல்லிலும் இன்முகம் இல்லை. அறுவை மனையில் நல்ல முடிவெல்லாம் நல்ல சொல்லோடு வருவதில்லை.

வலக்காலில் சிரை எடுத்து முடிந்தபின், இதய நுரையீரல் பொறியின் துணையால் குருதியோட்டத்தைப் புறத்தே நடத்தி, குளிர்ந்த மருந்துநீரால் இதயத்தை அசைவறச் செய்தனர். எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பியே வைப்பர். காற்சிரையினுள் குருதியை மேல்நோக்கி மட்டும் விடும் கதவங்கள் உண்டாதலின், திருப்பாது வைத்தால் அவை வழியை அடைக்கும். தைக்கப்படும் இதயத் தமனியின் வாய் 2 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். நூல் தலைமயிரை ஒக்கும். மருத்துவர் ஊசியை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் எதிர்நின்ற முதற்றுணைவர் அந்நூலை விரலால் தொடர்ந்து பற்றிச் செல்வார். இதற்கு நூல் தொடர்தல் என்று பெயரிடலாம். தளர்ந்தால் இணைப்பிலிருந்து குருதி கசியும். இறுகினால் சுருக்குப்பை போல் வாய் குவியும். உறையை உப்புநீரால் நனைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். உலர்ந்த உறையில் நூல் ஒட்டி அறுந்துபோம். பார்ப்பவருக்கு அம்மையார் ஒன்றும் செய்யாது நிற்பதாகவே தோன்றும். பத்துத் தையலுக்குள் அவர் கை மருத்துவர் கையோடு ஒத்து ஓடலாயிற்று. சற்றுமுன் இருவரிடையே நின்ற கசப்பு அந்நூலில் ஏறவில்லை.

இங்ஙனம் நின்று செய்வார்க்கு அந்நாட்டில் தரப்படும் மதிப்பையும் கூறல் வேண்டும். முதியோர்க்கென 1965இல் சட்டமாகிய மெடிகேர் என்னும் அரசினர் காப்பீடு, அறுவையில் துணைநிற்கும் மருத்துவருக்குத் தலைமை மருத்துவர் ஊதியத்தில் நூற்றுக்கு 16 பங்கு அளிக்கின்றது. மருத்துவ உதவியாளர் முதலிய வேறு சில வகுப்பார் நின்றால் அதில் நூற்றுக்கு 85 பங்கு அளிக்கின்றது. முதற்றுணைச் செவிலி என்னும் பெயரோடு நிற்பவர்க்குத் தனியே ஒன்றும் அளிப்பதில்லை. ஒரே இடத்தில், ஒரே நூலைப் பற்றி, ஒரே பொழுது நின்றும் இவ்வேறுபாடு உண்டு. அவர் மருத்துவமனையிற் பெறும் சம்பளத்தோடு அமைந்து நிற்பர். சட்டத்தைத் திருத்துமாறு அவர்தம் சங்கத்தார் பன்முறை முயன்றும் இது மாறவில்லை.

பொருள் கிடக்க, பெயரும் அரிது. முன் கூறிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலேயே 1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், உடம்பு நீலம் பாய்ந்த ஒரு குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளேலாக் என்பார் புதியதோர் இதய அறுவை செய்தபொழுது, அவர்க்குப் பின்னே ஒரு படிக்கட்டையின்மேல் நின்று, தையல் இப்படி வேண்டும், அப்படி வேண்டா என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ் என்பவர். அவர் மருத்துவரும் அல்லர், செவிலியும் அல்லர், ஆய்வுக்கூடத்து உதவியாளர், நாய்களின்மேல் அவ்வறுவையைப் பன்முறை செய்து வழி கண்டவர். கறுப்பினத்தவர் என்பதால் ஊதியத்தேட்டில் துப்புரவாளர் வரிசையில் வைக்கப்பட்டிருந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையில் அவர் பெயர் இல்லை. 1976இல் அதே பல்கலைக்கழகம் அவர்க்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் இடையிட்டன. பிளேலாக் தம் பின்னே நின்றவனின் சொல்லைக் கேட்டு ஊசியைத் திருப்பினார் என்பதும் மறக்கத்தக்கதன்று.

அன்றைய அறுவை முடியும் தறுவாயில் கணக்கெடுப்பு நடந்தது. குருதி ஒற்றும் துணி, ஊசி, கருவி ஆகியவற்றை அறுவைக்கு முன் எண்ணி எழுதியவாறே, புண்ணை மூடுமுன்னும் எண்ணுதல் முறை. துணி ஒவ்வொன்றிலும் ஊடுகதிர்ப் படத்தில் தோன்றும் இழை ஒன்று வைத்து நெய்யப்பட்டிருக்கும். எண்ணிக்கை தவறினால் படமெடுத்துத் தேடற்பொருட்டு. அன்று எண்ணிக்கை ஒத்தது. மார்பெலும்பை எஃகுக்கம்பியாற் கட்டிய பின், மருத்துவர் உறையைக் கழற்றிவிட்டு அடுத்த அறைக்குச் சென்றார். மேல்தோலையும் இரண்டு கால்களின் வாய்களையும் தைத்து மூடியவர் அம்மையார். தைத்து முடித்த பின் நின்றபடியே அறுவைக் குறிப்பில் இடக்காற்சிரை கிழிந்த செய்தியையும், அது தம் கையால் நேர்ந்தது என்பதனையும் எழுதுவித்தார். எழுதிய செவிலி சற்றே தயங்கி, “கிளை கிழிந்தது என்று மட்டும் எழுதினால் போதாதா, அக்கா?” என்று வினவினாள். “யார் கிழித்தது என்று நாளை கேட்டால் ஏடு சொல்ல வேண்டாமா?” என்றார்.

அத்திங்கள் முழுவதும் மருத்துவர் அவரோடு தொழிலளவிற்கு மேல் பேசவில்லை. இருவருமே அதனைப் பெரிதாகக் கொண்டிலர். ஆயினும் ஒரு மாறுதலைப் பிறர் கண்டனர். அதற்கு முன்பெல்லாம் சிரையை நீட்டினால் வாங்கி வைத்துத் தைப்பவர், அதன் பின்னர் ஒவ்வொரு முறையும் கையை நீட்டாது நின்று, “இதனை வைக்கலாமா?” என்று அம்மையாரைக் கேட்கத் தொடங்கினார். அவர் ஆம் என்ற பின்னரே வாங்குவார்.

அறுவைக்கு மறுநாள் மாலை அம்மையார் முதியவரைக் காணச் சென்றார். மூச்சுக்குழாய் எடுக்கப்பட்டு, தலையணையைச் சாய்த்து அமர்த்தியிருந்தனர். மார்பைப்பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. போர்வையை விலக்கித் தம் கால்களைப் பார்த்து, “இடக்கால் என்றுதானே சொன்னீர்கள், அம்மா? வலக்காலிலும் கட்டு இருக்கிறதே?” என்றார்.

அம்மையார் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். “இடக்காலில் எடுத்த சிரையில் ஒரு பகுதியை நான் கிழித்துவிட்டேன், ஐயா. தைத்துப் பார்த்தேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் வலக்காலைத் திறந்து வேறொன்று எடுத்தேன். இந்தப் புண் என் கைப்பிழையால் வந்தது,” என்றார்.

முதியவர் நெடுநேரம் இரண்டு கால்களையும் மாறி மாறி நோக்கினார். அவர் முகத்தில் சினமும் தோன்றவில்லை. மன்னித்தேன் என்னும் பெருந்தன்மையும் தோன்றவில்லை. “இதயத்தில் வைத்தது நல்லதுதானே?” என்றார்.

“நல்லது.”

“நாளைக்கு எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். எந்தக் காலை முதலில் ஊன்ற?”

“இடக்காலை. அதில் நோவு குறைவாயிருக்கும். நான் காலையில் வருகிறேன், என் தோளைப் பற்றிக்கொள்ளுங்கள்,” என்று சொல்லி, அம்மையார் வலக்காலின் கட்டைத் தளர்த்தி, குருதி ஊறியுள்ளதா என்று பார்த்து, கணுக்காலின் கீழே ஒரு தலையணையை வைத்தார்.